ஒன்பது விநாடி

ஒரு மாத விடுப்பு முடிந்து ஆழிமனைக்குத் திரும்பிய ஜெசிந்தா, உள்வாசல் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த மறுகணமே பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்துகொண்டது. பதினோரு வருடப் பழக்கம் சும்மா விடுமா? கையை எடுக்காமல் ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே நின்றாள். ஒன்பது வருவதற்குள் பின்னால் நின்ற மூழ்காளர்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"மதினி, கை ஒட்டிக்கிச்சா?" என்றான் மிக்கேல். "இப்பல்லாம் வச்ச உடனே வெளக்குதான். அகல்யா மேடம் கைவண்ணம்!"

அந்தப் பெயரை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள். கேட்ட உடனேயே பிடிக்கவில்லை.

ஆழிமனை, மன்னார் வளைகுடாவில் நூற்றிருபது அடி ஆழத்தில் இருக்கும் ஒரு பெரிய இரும்பு வீடு. சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை கடற்பாசி வயல். அந்தப் பாசியிலிருந்து எடுக்கும் எண்ணெயில்தான் கரையில் பாதி வண்டிகள் ஓடின. முப்பத்தாறு மூழ்காளர்கள் முறைவைத்து வெளியே போய் அறுத்துக்கொண்டு வருவார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு காற்றுக்குழாய். உள்ளே இருக்கும் பம்பிலிருந்துதான் மூச்சு. முதுகில் இருக்கும் சின்ன பாட்டில் ஆத்திர அவசரத்துக்கு, பத்து நிமிடம் தாங்கும்.

யார் வெளியே, யார் உள்ளே, யாருக்கு எந்தக் குழாய் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும். பதிவேடு என்றால் நோட்டு இல்லை, டேட்டாபேஸ். கதவும் பம்பும் மனிதர் பேச்சைக் கேட்காது, பதிவேட்டின் பேச்சைத்தான் கேட்கும். அந்தப் பதிவேட்டை எழுதி வளர்த்தவள் ஜெசிந்தா. மூன்று டிஸ்கிலும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, சரி என்று டிஸ்கே சொன்ன பிறகுதான் விளக்கு எரியும். அதற்கு ஒன்பது விநாடி ஆகும். 'விளக்கு எரியும்வரை கையை எடுக்காதே' என்று வாசலில் எழுதி வைத்ததும் அவள்தான். அதற்குள் கையை எடுத்தால் பதிவு ரத்து.

ஒருவருக்கு ஒன்பது விநாடி பெரிதில்லை. முப்பத்தாறு பேர் வரிசையில் நின்றால், கடைசி ஆள் கழுத்தளவு குளிர்த்தண்ணீரில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டும். போன தையில் பிச்சையாவுக்கு அப்படி நின்றே கால் இழுத்துக்கொண்டது. எல்லோரும் ஜெசிந்தாவைத்தான் திட்டினார்கள். "உயிரோட உள்ள வாரியளே, அது போதாதா?" என்று அவளும் விடாமல் பதில் கொடுத்தாள். திட்டியவர்களில் முதல் ஆள் மூழ்காளர் மேஸ்திரி சவரிமுத்து. அவர் அவளுடைய கணவர்.

அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் அகல்யாவைப் பார்த்தாள். முப்பத்திரண்டு வயது இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம். ஜெசிந்தா விடுப்பில் இருந்தபோது கம்பெனி அனுப்பிய கணினி இன்ஜினியர். மூழ்காளர்கள் நடுவில் உட்கார்ந்து, சாளை மீனில் முள் எடுக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். கற்றுக்கொடுத்தவர் சவரிமுத்து.

"வாங்க்கா, வாங்க்கா! உங்களைப் பாக்கணும்னுதான் இருந்தேனுங்க," என்று எழுந்து நின்றாள். "நீங்க எழுதுன புரோகிராம்ல ஒரு வரி மாத்தலீங்க்கா. டிஸ்குக்கு முன்னாடி ஒரு கார்டு வச்சேன், அவ்வளவுதானுங்க."

"கார்டு என்ன செய்யும்?" ஜெசிந்தாவுக்குத் தெரியாததா? இருந்தாலும் கேட்டாள். அவள் வாயால் வரட்டும் என்றுதான்.

"ஓட்டல்ல சர்வர் இருக்காருல்லங்க? ஒவ்வொரு தோசைக்கும் கிச்சனுக்கு ஓடுனா வேலைக்காகுமா? நாலு டேபிள் ஆர்டரை மனசுல வச்சுக்கிட்டு 'சரிங்க'ன்னு சொல்லிடுவாரு. அப்புறம் ஒரே நடையா போய்ச் சொல்லுவாரு. இந்தக் கார்டும் அப்படித்தானுங்க. வந்ததை இடைநினைவகத்துல வச்சுக்கிட்டு உடனே பச்சை விளக்கு காட்டிடும். ஆறு நிமிஷத்துக்கு ஒருக்கா மொத்தமா டிஸ்க்ல எழுதிடும்."

"வழியில சர்வர் வழுக்கி விழுந்தா?"

கூடமே சிரித்தது. அகல்யாவும் சிரித்தாள். "அதுக்குத்தான் பேட்டரி இருக்குங்க்கா. கரண்ட் போனாலும் மனசுல இருக்கறதை மறக்காம பேட்டரி புடிச்சு வச்சுக்கும். இங்க அலமாரியிலயே ஒண்ணு சும்மா கெடந்துச்சு. மேனேஜர்கிட்டக் கேட்டுட்டு எடுத்துப் போட்டேனுங்க."

சும்மா கிடந்ததாம். ஜெசிந்தாவின் கையில் சோறு அப்படியே நின்றது.

அந்தப் பேட்டரி அவளுடையது. ஆறு வருடத்துக்கு முன்னால், கம்பெனி காசு தர முடியாது என்றபோது, கிறிஸ்துமஸ் போனஸில் தானே வாங்கியது. நாற்பது பேர் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் என்பதால் ஆழிமனையில் கரண்டி முதல் ஸ்பேனர் வரை பேர் வெட்டாத பொருள் கிடையாது. அதிலும் 'ஜெ. சவரி' என்று வெட்டியிருந்தாள். இந்தக் கார்டு யோசனையும் அவளுக்கு அப்போதே வந்ததுதான். துணிவுதான் வரவில்லை. ஏதாவது ஆகிவிட்டால்? இன்று செய்யலாம், நாளை செய்யலாம் என்று ஆறு வருடம் ஓடிவிட்டது. அவள் பயந்து அலமாரியில் வைத்ததை, வந்து ஒரு மாதம் ஆகாத ஒருத்தி எடுத்துப் போட்டுப் பேர் வாங்கிவிட்டாள்.

"அந்தப் புள்ள வந்த பொறவுதான் பயலுவ வெறைக்காம உள்ள வாரானுவ," என்றார் சவரிமுத்து அன்று ராத்திரி படுக்கும்போது. "என்னா மூளை! நீயும் பதினோரு வருசம் இருந்தே…"

அவர் முடிக்கவில்லை. முடித்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அகல்யா சிரித்தால் எரிந்தது, "அக்கா" என்றால் எரிந்தது. ஒரு குறையாவது கண்டுபிடிக்கலாம் என்று கார்டின் கணக்கை நான்கு முறை சோதித்தாள்; குறை இல்லை. அதுதான் பெரிய எரிச்சல். பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போனபோது இயந்திர அறைக்குள் போனாள். பேட்டரியில் தன் பேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் பொருளை நான் எடுக்க யாரைக் கேட்க வேண்டும்? நான்கு திருகாணிகளைக் கழற்றி, வழக்கம்போல் ஒரு காகிதத்தில் மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, பேட்டரியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

இதில் ஆபத்து ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அறிவுள்ள கார்டு அது. பேட்டரி இல்லை என்று கண்டால் மனதில் வைத்துக்கொள்ளும் வேலையைத் தானாகவே நிறுத்திவிட்டு, பழையபடி டிஸ்கில் எழுதிய பிறகே விளக்கு காட்டும். கதவு மெதுவாகும். மூழ்காளர்கள் அகல்யாவைத் திட்டுவார்கள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை என்பார்களே, அந்தக் கதை.

மாலை முறை முடிந்து மூழ்காளர்கள் உள்ளே வந்தார்கள். ஜெசிந்தா காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். திட்டு வரவில்லை. கதவு அதே வேகத்தில் திறந்தது, மூடியது, திறந்தது.

ஓடிப்போய்த் தன் திரையைப் பார்த்தாள். 'பேட்டரி காணவில்லை' என்று எச்சரிக்கை வந்திருந்தது. பதிவேட்டுக்காரி என்று இன்னும் அவள் பேர்தான் இருந்ததால், அவளுக்கு மட்டுமே வந்திருந்தது. அமைப்புக்குள் போய்த் தேடினாள். 'பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேகத்தை நிறுத்தாதே' என்று யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே அகல்யாவின் குறிப்பு இருந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பேட்டரி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரம் பழைய வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. சோதனையின்போதும் பேட்டரி இடத்திலேயே இருப்பதால், மேஸ்திரி சவரிமுத்து கேட்டுக்கொண்டபடி, மேனேஜர் சம்மதத்துடன் மாற்றப்படுகிறது.

மேஸ்திரி சவரிமுத்து கேட்டுக்கொண்டபடி! பயத்தைத் தள்ளிக்கொண்டு பொறாமை முன்னால் வந்து நின்றது. தன்னிடம் பதினோரு வருடம் கத்திக் கேட்டும் கிடைக்காததை அவளிடம் ஒரு வார்த்தையில் வாங்கியிருக்கிறார்.

இப்போதே போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால், பேட்டரி எங்கே என்று கேட்பார்கள். நாளை மதியம் எல்லோரும் சாப்பிடப் போகும்போது சத்தமில்லாமல் மாட்டிவிட்டால் போயிற்று. ஒரு நாளில் என்ன ஆகிவிடும்? எச்சரிக்கையை மூடினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பதிவேட்டு அறையின் கண்ணாடி வழியே ஈர அறையைப் பார்த்தாள். வெளியே போகுமுன் உடுப்பு மாட்டும் இடம் அது. பிச்சையாவும் மிக்கேலும் தயாராக நின்றார்கள். அவர்களுக்கு நடுவில், மூழ்காளர் உடுப்பில், அகல்யா. பாசி வயலைச் சுற்றிப் பார்க்கப் போகிறாளாம்.

சவரிமுத்து அவளுக்குத் தலைக்கவசம் மாட்டினார். கழுத்துப் பட்டையை இழுத்துப் பார்த்தார். பிறகு தன்னுடைய குழாயை, பதினான்காம் எண்ணை, யாரும் தொடக்கூடாத அந்தப் புதுக் குழாயை எடுத்து அவள் இடுப்பில் மாட்டிவிட்டு, தான் இருபத்தேழாம் எண் பழங்குழாயை மாட்டிக்கொண்டார். பிச்சையா எட்டு. மிக்கேல் முப்பத்தொன்று. ஜெசிந்தா ஒருமுறை, கல்யாணமான புதிதில், 'என்னையும் வெளிய கூட்டிட்டுப் போங்களேன், பாசி வயலைப் பாக்கணும்' என்று கேட்டிருக்கிறாள். 'ஒனக்கு எதுக்குட்டி அதெல்லாம்' என்றவர் இவர்தான். நான்கு பேரும் தகட்டில் கை வைத்தார்கள். பத்து பதினான்கு. கதவு அவர்களை விழுங்கியது. ஜெசிந்தா நகரவில்லை. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்து பதினேழுக்கு எல்லா விளக்கும் அணைந்தது.

கரையிலிருந்து வரும் மின்கம்பியை எந்தக் கப்பலின் நங்கூரமோ இழுத்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது. இருபது விநாடியில் அவசர மின்சாரம் வந்தது. தடுப்புக் கதவுகள் தாமாக இறங்கி, கண்ணாடி வழியே பார்க்கவும் முடியாதபடி ஈர அறையை அடைத்துவிட்டன. பதிவேடு விழித்து எழுந்து, டிஸ்கில் இருப்பதைப் படித்தது. மேனேஜர் தொம்மைராஜ் மூச்சிரைக்க ஓடிவந்து திரையைப் பார்த்தார்.

"மாதாவே, நல்லவேளை! வெளிய ஒருத்தரும் இல்ல. நாலு பேரும் இன்னும் ஈர அறையிலதான் நிக்காவ."

டிஸ்கில் கடைசியாக எழுதப்பட்டது பத்து பன்னிரண்டுக்கு. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் கார்டின் மனதில் இருந்தது. மனதைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய பேட்டரி, ஜெசிந்தாவின் காலடியில், கைப்பையில் கிடந்தது.

அவசர மின்சாரம் கொஞ்சம்தான். அதை வீணாக்கக் கூடாது என்று, பதிவேட்டில் வெளியே இருப்பதாக எழுதப்பட்ட குழாய்களுக்கு மட்டும்தான் பம்பு காற்று அனுப்பும். அந்த விதியை எழுதியவளும் அவளேதான்.

"நாலு பேரும் வெளிய இருக்காவ," என்றாள். "எட்டு, பதினாலு, இருபத்தேழு, முப்பத்தொண்ணு. கையால தொறங்க. சீக்கிரம்!"

"பதிவுல இல்லையேம்மா. பதிவு தப்பாவுமா?"

"பதிவு பொய் சொல்லுது. நான் பாத்தேன்."

"எல்லாத்தையும் தொறந்தா உள்ள இருக்கவனுக்குக் காத்து பத்தாது. நம்பர் சரியா தெரியுமா ஒனக்கு?"

"பதினாலு அவ இடுப்புல. அவரு கையாலயே மாட்டிவிட்டாரு. அவருக்கு இருபத்தேழு. பாத்துக்கிட்டேதான நின்னேன்!"

அவள் முகத்தைப் பார்த்த தொம்மைராஜ் அதற்குமேல் கேட்கவில்லை. வால்வு அறைக்கு ஓடினார். பொறாமைக்காரக் கண்ணுக்கு இடைநினைவகம் கிடையாது. பார்த்ததை அந்தக் கணமே வெட்டி வைத்துவிடும்.

காற்று திரும்பப் போய்ச் சேர எட்டு நிமிடம் ஆகியிருந்தது. பழகியவர்கள் பாட்டிலை மிச்சம்பிடித்துத் தாக்குப்பிடித்தார்கள். அகல்யா பயத்தில் ஐந்தே நிமிடத்தில் பாட்டிலைக் காலி செய்துவிட்டாள். சவரிமுத்து தன் பாட்டிலை அவளுக்குக் கொடுத்து, பாசி வயலின் பள்ளத்திலிருந்து அவளை வாசல்வரை ஒரே இழுப்பாக மேலே இழுத்துக்கொண்டு வந்தார். நால்வரும் பிழைத்தார்கள். அந்த வேகத்தில் நீரழுத்தம் சட்டென்று மாறி, சவரிமுத்துவின் இடது காது போயிற்று. இனிமேல் கடலில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஜெசிந்தாவை எல்லோரும் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். "அக்கறைன்னா இதான்ல அக்கறை! குழாய் நம்பர் மொதக்கொண்டு மனசுல வச்சிருக்கா பாரு," என்று பிச்சையா கண்ணீர் விட்டான். படுக்கையில் கிடந்த சவரிமுத்து வந்தவர் போனவரிடமெல்லாம் அவளைக் காட்டிக் காட்டிச் சொன்னார். "எம் பொண்டாட்டி கண்ண எடுக்காம பாத்துக்கிட்டே இருந்திருக்கா. அதான் பொழச்சோம்." பதினோரு வருடமாக எந்தப் புகழுக்கு ஏங்கினாளோ அது வந்து குவிந்தது. வேப்பெண்ணெய் மாதிரி கசந்தது.

கரையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். பேட்டரி இடம் காலியாக இருந்தது. "மாட்டுனேனுங்க," என்று அகல்யா ஒரே ஒருமுறை சொன்னாள். மறுநாள் அதையும் சொல்லவில்லை. மாட்டாமலே மாட்டியதாக எழுதினாள் என்று முடிவு செய்தார்கள். அவளுடைய உரிமம் பறிபோகும், இனி எந்தக் கடலடி நிலையத்திலும் வேலை கிடைக்காது. சனிக்கிழமை பதினோரு மணி லிப்டில் கரைக்கு அனுப்ப உத்தரவாயிற்று. கார்டைக் கழற்றிவிட்டார்கள். கதவு மறுபடியும் ஒன்பது விநாடி எடுத்துக்கொண்டது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

சனிக்கிழமை பத்தரைக்கு அகல்யா சாவிக்கொத்தைக் கொடுக்கப் பதிவேட்டு அறைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள்.

"வர்றேனுங்க்கா."

ஜெசிந்தா தலையாட்டினாள்.

"திருகாணியெல்லாம் காகிதத்துல மடிச்சு வச்சிருந்துச்சுங்க்கா," என்றாள் அகல்யா மெதுவாக. "இங்க அப்படி மடிச்சு வைக்கிறது நீங்க ஒருத்தர்தானுங்களே."

"தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லல?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"சொல்லிப்போடலாம்னுதான் போனேனுங்க. போற வழியில உங்க வீட்டுக்காரரைப் பாத்தேன். எம் பொண்டாட்டி, எம் பொண்டாட்டின்னு ஒரே பெருமை. அவருக்குக் காதும் போச்சு, கடலும் போச்சு. மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதானுங்களே. அதையும் நான் எடுக்கறதான்னு வந்துட்டேன். அதுவுமில்லாம, நீங்க பதினாலுன்னு சொன்னதாலதானுங்க்கா நான் இன்னைக்கு நிக்கிறேன். பேட்டரி உங்களுதுன்னும் எனக்குத் தெரியுமுங்க. பேரு இருந்துச்சு. ஒரு வார்த்தை உங்களைக் கேட்டுட்டு எடுத்திருக்கோணும்."

சொல்லிவிட்டு லிப்டுக்குப் போய்விட்டாள். அழக்கூட இல்லை.

ஜெசிந்தாவுக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது. மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள அவளுக்கே கூச்சமாக இருந்தது. மனசாட்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. அதே பழைய வயிற்றெரிச்சல்தான். அந்த அகல்யா வேகத்தில் முந்தினாள், பேரில் முந்தினாள். கட்டிய கணவர் கையால் குழாய் மாட்டிக்கொள்வதிலும் முந்தினாள். இப்போது பெருந்தன்மையிலும் அவளே முந்திக்கொண்டு போய்விடுவதா? காலமெல்லாம் அவள் போட்ட பிச்சையில் நான் நல்லவள் என்று பேர் வாங்கிக்கொண்டு திரிவதா? அது மட்டும் நடக்காது.

கைப்பையைத் திறந்து பேட்டரியை மேசைமேல் வைத்தாள். பதிவேட்டில் விபத்துப் பக்கத்தைத் திறந்து தட்டினாள். 'பன்னிரண்டாம் தேதி மதியம் பேட்டரியைக் கழற்றியவள் நான். எச்சரிக்கையைப் பார்த்தும் மறைத்தேன். அகல்யா மாட்டித்தான் இருந்தாள். - ஜெசிந்தா.' பதிவை உறுதிசெய்ய மேசையோரத் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள்.

ஒன்று. இரண்டு. பின்னால் கதவு திறந்தது. சவரிமுத்து உள்ளே வந்தார். "அந்தப் புள்ள பெட்டியத் தூக்கிக் குடுத்துட்டு வாரேன்ட்டி, லிப்டு கெளம்பப் போவுது…" என்றவர் திரையைப் பார்த்தார். மேசையில் கிடந்த பேட்டரியைப் பார்த்தார். அதிலிருந்த தன் பேரையும் பார்த்தார்.

நான்கு. இப்போது எடுத்துவிட்டால் எழுதியது ரத்தாகிவிடும். டிஸ்குக்குத் தெரியாது. இவருக்கு மட்டும்தான் தெரியும், இவர் ஊரைக் கூட்டமாட்டார். ஐந்து. கை தானாகவே அரை விரற்கடை மேலே எழும்பப் பார்த்தது.

அவர் பக்கத்தில் வந்தார். ஒன்பது விநாடிக்காக அவளைப் பதினோரு வருடம் திட்டிய மனிதர். முகம் வெளிறியிருந்தது. அவளைத் தொடவில்லை.

"கைய எடுத்துராத, ஜெசி," என்றார். "வெளக்கு எரியட்டும்."

ஏழு, எட்டு என்று எண்ணினாள். பச்சை விளக்கு எரிந்தது. எரிந்த பிறகும் வெகுநேரம் அவள் கையை எடுக்கவில்லை.